மஞ்சள் விலைக்குக் கீழே ஒரு வருத்தம்

என் சாமிக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ வீட்டுக்கு வந்தபோது சட்டைப் பையில் நாலாக மடித்த ஒரு பத்திரிகைத் துண்டு வைத்திருந்தாய். செருப்பைக்கூடக் கழற்றாமல் அதை உங்கப்பாவிடம் நீட்டினாய். கண்ணாடியை எடுத்துவரச் சொல்லி, மனசுக்குள் ஒரு தடவையும் சத்தமாக ஒரு தடவையும் அவர் படித்தார். நீ வேலைக்குச் சேர்ந்து எழுதி அச்சில் வந்த முதல் செய்தி. "என்ற பையன் எழுதுனதாக்கும்" என்று கடலை பறிக்க வந்த ஆட்களைக் கூப்பிட்டுக் காட்டுகிற அளவுக்கு அவருக்குப் பெருமை. எனக்கும் பெருமைதான், இல்லை என்று சொல்லமாட்டேன். கோழி அடித்துக் குழம்பு வைத்தேன். நீ சாப்பிட்டுவிட்டு மத்தியான பஸ்ஸுக்குக் கோயமுத்தூர் போய்விட்டாய். அந்தத் துண்டு மட்டும் கட்டில்மேல் கிடந்தது. அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பால் பொங்கி அடுப்பை அணைக்கிறது, நான் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். எருமைக்குத் தண்ணீர் காட்டிவிட்டேனா இல்லையா என்று எருமையைப் போய்ப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன். நேரில் சொன்னால் நீ நடுவில் பேசுவாய், படித்த பிள்ளை, மடக்கிவிடுவாய். கடிதம் என்றால் நான் சொல்லி முடிக்கிறவரை நீ கேட்டுத்தான் ஆக வேண்டும்.

நீ எழுதியதை உனக்கே சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. வேலந்தாவளத்திலிருந்து கோயமுத்தூர் போகும் பஸ்ஸில் மயிலாத்தாள் என்ற பெண் மூன்று பாட்டில் சாராயத்தைச் சேலைத் துணிக்குள் சுற்றிக் கடத்திப் போனபோது மதுவிலக்குப் போலீசாரிடம் சிக்கினார் என்று எழுதியிருக்கிறாய். ஊர் பெயர், அவர் புருஷன் பெயர், வயது எல்லாம் போட்டிருக்கிறாய். கடைசியில், எல்லையோரப் பெண்கள் இப்போது சாராயத் தொழிலில் துணிந்து இறங்கிவிட்டார்கள் என்று ஒரு வரி. அந்த வரி போலீஸ் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை, அதில் உன் குரல் இருந்தது. சோறு போடும்போது நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா?

"அந்தப் பொம்பளையப் பாத்தியா கண்ணு?"

"ஸ்டேஷன்ல எஸ்.ஐ. சொன்னதத்தானம்மா எழுதுனேன். எல்லாம் ஸ்டேஷன்ல எழுதி வெச்சிருக்குது."

"அந்தம்மா என்ன சொல்லுச்சு?"

"அதை எதுக்குக் கேக்கோணும்? சிக்குனவங்க இல்லீன்னுதான் சொல்லுவாங்க. கொஞ்சம் ரசம் ஊத்துங்க."

ரசம் ஊற்றினேன். தட்டுக்கு வெளியே ரசம் சிந்தியதை நீ பார்க்கவில்லை. உங்கப்பா பார்த்தார். பார்த்துவிட்டு, "உடு" என்றார். அவருக்குத் தெரிந்த ஒரே மருந்து அதுதான். மாடு செத்தாலும் உடு, கிணறு வற்றினாலும் உடு. விட முடிந்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

உனக்குத் தெரியும், நம் வீடு ஒரு காலத்தில் பேப்பரில் வந்தது. ஆனால் உனக்குத் தெரிந்தது பாதி. அப்போது நீ பத்தாவது படித்துக்கொண்டிருந்தாய், மீசை அரும்பிவிட்டது, அம்மாவோடு பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்காரவே கூச்சப்படுகிற வயசு. அந்த நேரத்தில்தான் செல்வி என் வயிற்றில் வந்தாள். நீ பிறந்து எத்தனையோ வருஷம் கோயில் கோயிலாக ஏறி இறங்கியபோது வராதவள், நாங்கள் மறந்துபோன பிறகு வந்தாள். நம் பக்கத்தில் அதைவிட வெட்கக்கேடு வேறு இல்லை. தோளுக்கு மேல் வளர்ந்த பையனை வைத்துக்கொண்டு தாய்க்காரி மாசமாக இருந்தால் கல்யாண வீட்டில் பொம்பளைகள் வாயைச் சேலையால் மூடிக்கொண்டு சிரிப்பார்கள். இன்னும் ரெண்டு வருஷத்தில் மருமகள் வர வேண்டிய வீடு, மாமியாக்காரிக்குத் தொட்டில் கேக்குதா என்பார்கள். அதனால் மறைத்தேன். சேலையைத் தளர்த்திச் சுற்றிக்கொண்டேன், தலைவலி என்று சொல்லி உறவுக்காரர் விசேஷங்களுக்குப் போகாமல் இருந்தேன், கொடுவாயூர்ச் சந்தைக்குக்கூட உங்கப்பாவையே அனுப்பினேன். ஏழு மாதம் ஊருக்குத் தெரியாமல் ஒரு வயிற்றைச் சுமந்தேன் என்றால் அது பெரிய கெட்டிக்காரத்தனம் என்று அன்றைக்கு நினைத்தேன். அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் பின்னால் என் கழுத்தைப் பிடித்தது.

நம் தாலூக்கா டவுனான சிற்றூரில் ஆஸ்பத்திரிக்குப் போனால் தெரிந்தவர்கள் இருப்பார்கள் என்று கோயமுத்தூரில் ஒரு டாக்டரம்மாவிடம் போய்க் காட்டிக்கொண்டிருந்தேன். திரும்பும்போது வேலந்தாவளம் பஸ்ஸில் ஏறினால் பாதிப் பேர் நம் ஊர்க்காரர்கள். ஆகவே வாளையார் வழியாகப் பாலக்காடு போகிற பஸ்ஸில் ஏறி, ஊரையே ஒரு சுற்றுச் சுற்றி வருவேன். அப்போது அரிசிக்குக் கெடுபிடி இருந்த காலம். தமிழ்நாட்டு அரிசியைக் கேரளாவுக்கு, நம் பக்கம், கொண்டுவரக் கூடாது. கொண்டுவராத வீடும் கிடையாது. பொம்பளைகள் துணிப் பையில் அரிசியை நிரப்பி வயிற்றில் கட்டிக்கொண்டு, மாசமாக இருப்பவர்கள் மாதிரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறுவார்கள். வாளையார் செக்போஸ்டில் அன்றைக்கு எங்கள் பஸ்ஸை நிறுத்தி வயிறு தெரிந்த பொம்பளைகள் ஐந்து பேரை இறக்கினார்கள். அதில் நான் ஒருத்தி. நாலு பேர் வயிற்றில் அரிசி. வரிசையாக வெயிலில் நிறுத்தினார்கள். ஒரு ஆள் வந்து போட்டோ எடுத்தார். அவரோடு ஒல்லியாக ஒரு பையன், கையில் பேனா. எனக்குத் தலை சுற்றியது, வயிற்றில் கை வைத்துக்கொண்டேன். அப்புறம் ஒவ்வொருத்தராகத் தட்டி மறைப்புக்குப் பின்னால் கூட்டிப்போய் அங்கே வேலை பார்த்த ஒரு அம்மா தொட்டுப் பார்த்தார். என் வயிற்றில் கை வைத்ததும் அவர் கையை எடுத்துக்கொண்டார். "ஐயோ, உள்ள ஒதைக்குதுங்க. நீங்க போங்கம்மா, போயி நெழல்ல உக்காருங்க" என்று தண்ணீர் கொடுத்தார். நான் தட்டிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தபோது போட்டோக்காரரும் இல்லை, பேனாக்காரப் பையனும் இல்லை. கோயமுத்தூர் போகிற பஸ் ஒன்று வந்திருக்கிறது, ஏறிப் போய்விட்டார்கள்.

மறுநாள் ஐந்து பேர் படமும் முதல் பக்கத்தில் வந்தது. மேலே கொட்டை எழுத்தில், "வயிறா? அரிசி மூட்டையா?" கீழே, வாளையாரில் ஐந்து போலிக் கர்ப்பிணிகள் பிடிபட்டனர் என்று. பெயர் ஒருத்திக்கும் போடவில்லை. ஆனால் முகம் போதுமே. டீக்கடையில் பார்த்தவர்கள் பேப்பரையே நம் வாசலுக்குக் கொண்டுவந்து, "ஏனுங்க, இது நம்ம அம்முணியாட்டவே இருக்குதுங்களே" என்று உங்கப்பாவிடம் கேட்டார்கள். அவர் என்ன செய்தார் என்று நினைக்கிறாய்? சிரித்தார். "ஆமாங்க, ரெண்டு படி அரிசி. என்ன பண்றது, பொழப்பு" என்றார். உள்ளே வந்து என்னிடம், "அரிசின்னே இருந்துட்டுப் போவுது, உடு. அரிசின்னா நாளைக்கு மறந்துருவாங்க" என்றார். நம் எல்லையோரத்தில் அரிசி கடத்துவது ஒரு குற்றமா? அது சாமர்த்தியம். இந்த வயசில் பிள்ளை என்பதுதான் அவமானம். நானும் சரி என்று வாயை மூடிக்கொண்டேன். இருவருமாகச் சேர்ந்து ஒரு பொய்யைப் பாய் விரித்து வீட்டுக்குள் படுக்க வைத்தோம்.

உன் சின்னம்மா ருக்குமணியைப் பற்றி இனிமேல் சொல்ல வேண்டும். என் தங்கச்சி. அப்போது அவளுக்குக் கொழிஞ்சாம்பாறையில் மாப்பிள்ளை பார்த்து, உப்புச்சக்கரை மாற்றி, கல்யாணம் பேசி முடித்தாயிற்று. எனக்கு எட்டாம் மாதம் நடக்கையில் ஒத்தாசைக்கு என்று வந்து நம் வீட்டில் இருந்தாள். பிரசவத்துக்கு என்னோடு கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்கு வந்தவள் அவள்தான். நாங்கள் ரெண்டு பேரும் போய், கொஞ்ச நாள் கழித்து ஒரு குழந்தையோடு திரும்பி வந்தோம். ஊர் கணக்குப் போட்டது. அக்காவின் வயிறு அரிசி என்று பேப்பரிலேயே போட்டிருக்கிறது, புருஷக்காரனே ஆமாம் என்று சொல்லியிருக்கிறான். அப்படியானால் இந்தப் பிள்ளை யார் வயிற்றுப் பிள்ளை? கல்யாணமாகாத தங்கச்சி எதற்காக அக்கா வீட்டில் மாசக்கணக்கில் வெளியே தலைகாட்டாமல் இருந்தாள்? ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள், நான் அன்றைக்குத்தான் அதன் அர்த்தத்தைத் தெரிந்துகொண்டேன்.

மாப்பிள்ளையின் அப்பா வந்தார். மரியாதையான மனுஷர். கொடுத்த மோரைக் குடித்தார். "நாங்க ஒண்ணும் சொல்லலீங்க. பேப்பர்ல போட்டிருக்குதுங்களே" என்றார். டாக்டரம்மாவின் சீட்டைக் காட்டினேன். "சீட்டு யாரு வேணா வாங்கலாமுங்க" என்றார். தொட்டிலில் செல்வி அழுதுகொண்டிருந்தாள், எனக்குப் பால் கட்டி நெஞ்சு வலிக்கிறது, நான் எழுந்து போய் எடுக்காமல் அவருக்கு எதிரிலேயே நிற்கிறேன். இதைவிட என்ன சாட்சி வேண்டும் இந்த ஆளுக்கு என்று ஆத்திரம். ஆனால் அந்த மாதிரிச் சாட்சியை ஆம்பளைகளுக்கு முன்னால் எப்படிக் காட்டுவது? அவர் எழுந்து கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். ருக்குமணி கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். அழவில்லை. "அக்கா, ஊடு ஊடாப் போயிச் சொன்னா ஆரும் நம்பமாட்டாங்க. பேப்பர்ல வந்ததுக்குப் பேப்பர்லதான் பதில் வரோணும்" என்றாள். இந்த வீட்டில் எங்கள் எல்லாரையும்விட அறிவாளி அவள்தான்.

அதற்குத்தான் சாமி நான் கோர்ட்டுக்குப் போனது. அந்த நாளில் நீ என்னோடு பேச்சை நிறுத்தியிருந்தாய். அம்மாவுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று உன் சிநேகிதனிடம் சொன்னதும் என் காதில் விழுந்தது. போகட்டும். சிற்றூரில் ஒரு வயசான மலையாள வக்கீலைப் பிடித்தோம். அவர் முதல் நாளே சொன்னார்: "அம்மா, மானநஷ்டக் கேஸு கொடுக்கலாம். பக்ஷே ஒரு காரியம் யோசிக்கணும். பத்திரத்துல, அந்தப் பேப்பருல, உங்க பேரு இல்லை. இப்ப ஊருக்கு மட்டுமே தெரியும். கேஸு கொடுத்தா, அந்தப் படத்துல நிக்கறது நீங்கதான்னு லோகம் முழுக்க அறியும்." அதுதான் இந்த வழக்கில் இருக்கிற கொடுமை. மானம் போயிற்று என்று சொல்வதற்கு, போன மானத்தை முதலில் எல்லார் முன்னாலும் எடுத்து விரித்துக் காட்ட வேண்டும். கைக்குழந்தையோடு கோர்ட் வராந்தாவில் வாய்தா வாய்தாவாக உட்கார்ந்தேன். நடுவில் எமர்ஜென்சி வந்து பத்திரிகைகளே வாயைக் கட்டிக்கொண்டு கிடந்த காலத்திலும் என் கேஸ் மட்டும் அதன் பாட்டுக்கு நகர்ந்தது. செல்வி நடக்கப் பழகியது அந்த வராந்தாவில்தான்.

செக்போஸ்டில் என்னைத் தொட்டுப் பார்த்த அம்மா சாட்சி சொல்ல வந்தார். "தொட்டனுங்க, உசுரு இருந்துச்சுங்க" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. அந்தப் பேனாக்காரப் பையனும் வந்தான். நான் அவனை மனசுக்குள் எத்தனையோ தடவை சபித்திருக்கிறேன், நேரில் பார்த்தால் அவன் கெட்டவனாகத் தெரியவில்லை. இப்போது உனக்கு ஆகிற வயசைவிட ஒன்றிரண்டு கூட இருக்கும், காலர் கிழிந்த சட்டை. "தட்டிக்குப் பின்னால என்ன நடந்ததுன்னு பாத்தீங்களா?" என்று எங்கள் வக்கீல் கேட்டார். "இல்லீங்க. பஸ் வந்துருச்சுங்க" என்றான். அவன் பொய் எழுதவில்லை சாமி. பாதியில் பஸ் ஏறிவிட்டான், அவ்வளவுதான். மீதிப் பாதியை நானும் என் தங்கச்சியும் சுமந்தோம்.

பிறகு அவர்கள் பக்கத்து வக்கீல் என்னைக் கூண்டில் வைத்துக் கேட்டார். கோயமுத்தூர்க்காரர், நம் பேச்சுத்தான். "ஏம்மா, உங்க பக்கத்துல அரிசி கொண்டாரது கேவலமா?"

"இல்லீங்க."

"நீங்க எப்பவாவது கொண்டாந்திருக்கீங்களா?"

எங்கள் வக்கீல் கண்ணால் ஜாடை காட்டினார். கோர்ட்டில் சத்தியம் செய்தவள் நான். "கொண்டாந்திருக்கனுங்க. மின்ன ஒரு தடவ, மடியில ரெண்டு படி. அன்னிக்குக் கொண்டாரலீங்க" என்றேன். கோர்ட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எங்கள் வக்கீல் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். அன்றைக்குச் சாயங்காலமே சமாதானத்துக்குப் போகலாம் என்று அவர் சொன்னார். ஒரு தடவை மடியில் அரிசி வைத்தவள் எல்லா நாளும் மடியில் அரிசிதான் வைத்திருப்பாள் என்று ஒரு கணக்கு இருக்கிறதே, அந்தக் கணக்கை எனக்கு இன்றுவரை விளங்கிக்கொள்ள முடியவில்லை. நீ படித்தவன், உனக்காவது விளங்குகிறதா?

வருத்தம் தெரிவித்துப் போடுகிறோம் என்று பத்திரிகைக்காரர்கள் ஒத்துக்கொண்டார்கள். படம் போட்ட அதே இடத்தில் போட வேண்டும் என்று நான் கேட்டேன், பார்க்கலாம் என்றார்கள். வந்த அன்று உங்கப்பா டீக்கடையிலிருந்து பேப்பரை வாங்கிவந்து கட்டிலில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகத் தேடினார். ரொம்ப நேரம் கழித்து, "மஞ்சள் எறங்கிருச்சு போ" என்றார். நான் பிடுங்கிப் பார்த்தேன். அவர் படித்த மஞ்சள் விலைக்கு நேர் கீழே நாலு வரி. முன்பு வெளியான படத்தில் இருந்த பெண்களில் ஒருவர் உண்மையிலேயே கர்ப்பிணி எனத் தெரியவருகிறது, அதற்காக வருந்துகிறோம். அவ்வளவுதான். ஒருவர் என்றால் யார்? அவமானப்படுத்த முகம் இருந்தது, திருத்துவதற்கு முகமும் இல்லை, பேரும் இல்லை. டீக்கடையில் யாரோ படித்துவிட்டு, "அஞ்சு பேர்ல எவளோ ஒருத்தி" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினார்களாம். கொழிஞ்சாம்பாறை மாப்பிள்ளைக்கு அதற்குள் வேறிடத்தில் கல்யாணம் முடிந்து பிள்ளையும் பிறந்துவிட்டது.

ருக்குமணியை இடுக்கிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிறவருக்கு, முதல் சம்சாரம் செத்து ரெண்டு பிள்ளைகளோடு இருந்தவருக்கு, கட்டிக்கொடுத்தோம். நல்ல மனுஷர்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவள் நோம்பி, பண்டிகை என்று எதற்கும் வரமாட்டாள். "மழையா இருக்குதக்கா" என்பாள். எப்போது கேட்டாலும் அங்கே மழைதான். செல்வியை அவள் ஒரே ஒரு தடவை தூக்கினாள், அதுவும் வீட்டுக்குள்ளே. செல்வியைப் பள்ளிக்கூடத்தில் அரிசி என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவளும் ஓடிப்போய் என்ன என்று கேட்கிறாள். அது தனக்கு வைத்த செல்லப்பெயர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். ஒருநாள் அவளுக்கு விவரம் தெரியும்.

இத்தனைக்கும் பிறகு நீ அதே பத்திரிகைக்கு வேலைக்குப் போகிறேன் என்றாய். நான் ரெண்டு நாள் சாப்பிடவில்லை. நீ என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அப்ப இருந்தவங்க இப்ப இல்லம்மா. வெளிய நின்னு திட்டி என்ன ஆச்சு? உள்ள போனாத்தான் மாத்த முடியும்" என்றாய். கேட்க நன்றாக இருந்தது. நம்பினேன். என் பிள்ளை உள்ளே இருந்தால் இன்னொரு ருக்குமணிக்கு இப்படி நடக்காது என்று நினைத்துத்தான் புதுச் சட்டை எடுத்துக்கொடுத்து அனுப்பினேன்.

செவ்வாய்க்கிழமை நான் வேலந்தாவளம் போனேன். உங்கப்பாவிடம் சொல்லவில்லை, சொன்னால் என்ன சொல்வார் என்றுதான் தெரியுமே. மயிலாத்தாள் வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை. "அந்தச் சாராயக்காரி ஊடுங்களா?" என்று டீக்கடையில் கை காட்டினார்கள், உன் செய்தி வந்து ஒரு வாரம் ஆகவில்லை. என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். யார் என்று கேட்காமலே பாயை உதறிப் போட்டு, காப்பி வைத்துக் கொண்டுவந்தார். பக்கத்து ஊர்க்காரி, ஒரு விஷயம் கேட்க வந்தேன் என்றேன். அவரே சொல்ல ஆரம்பித்துவிட்டார். யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்திருக்கிறார்.

"என்ற பொண்ணு கோயமுத்தூருப் பக்கம் வாக்கப்பட்டிருக்குதுங்க. தலப்பிரசவம், ஆஸ்பத்திரி பக்கம்னு அங்கயே பாத்தாங்க. ஒடம்பு தேறட்டும்னு வைத்தியருகிட்ட தசமூலாரிஷ்டம் வாங்கிட்டுப் போனனுங்க. பாட்டில் நாமதானுங்க கொண்டுபோகோணும், அவரு ஊத்தித்தான் குடுப்பாரு. ஊட்டுல கெடந்தது பிராந்திப் பாட்டிலுங்க. லேபில கிழிச்சேன், பாதிதான் வந்துச்சு."

உனக்கும்தான் தெரியுமே சாமி, நாம் எல்லாரும் அப்படித்தானே வாங்கிவருகிறோம். செல்வி பிறந்தபோது உன்னைத்தான் காலிப் பாட்டிலோடு வைத்தியரிடம் அனுப்பினேன். அந்தப் பாட்டிலில் என்ன லேபிள் இருந்தது என்று நீ பார்த்தாயா? அரிஷ்டம் லேசாகச் சாராய வாடைதான் அடிக்கும். போலீஸ் மோந்து பார்த்துவிட்டுப் பிடித்துக்கொண்டு போனார்கள். மறுநாள் வைத்தியரே ஸ்டேஷனுக்குப் போய், அவர்கள் முன்னால் ஒரு மூடி ஊற்றிக் குடித்துக் காட்டியிருக்கிறார். அவர்களும் சிரித்துக்கொண்டே பாட்டில்களைத் திருப்பிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கேஸே இல்லை. நீ எழுதிவிட்டுப் போன மறுநாள் அந்த ஸ்டேஷன் பக்கம் எட்டிப் பார்த்திருந்தால் உனக்கும் அந்தச் சிரிப்புக் கேட்டிருக்கும்.

"போலீஸு உட்டுருச்சுங்க. சம்பந்தி உடலீங்க" என்றார் அந்த அம்மா. பேப்பரைக் காட்டி, சாராயக்காரி என் வாசல்படி ஏறக் கூடாது என்று சம்பந்தியம்மா சொல்லிவிட்டாராம். பேரனை அவர் இன்னும் பார்க்கவில்லை. மகளைப் பச்சை உடம்போடு இந்த வீட்டுக்கும் அனுப்ப மாட்டேன் என்கிறார்களாம். பாட்டில் மூன்றும் மாடத்தில் அப்படியே இருந்தன. பாதி லேபிளை நானும் பார்த்தேன். அப்புறம் அவர் பேச்சுவாக்கில், "நீங்க இத்தனை வெசாரிக்கறீங்க, உங்குளுக்குப் புள்ளைங்க இருக்குதுங்களா? பையன் என்ன பண்றாருங்க?" என்று கேட்டார்.

காப்பி டம்ளரைக் கீழே வைத்தேன். கடவுளே, ஏதாவது ஒன்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். தோட்டம் பார்க்கிறான் என்று சொன்னால் முடிந்தது. ஆனால் ஒரு பொய்யை வீட்டுக்குள் விட்டு ஒரு பொண்ணின் வாழ்க்கையைக் கெடுத்தவள் நான், இன்னொன்றைச் சொல்ல நாக்கு எழவில்லை. "அந்தப் பேப்பர்ல எழுதுனது என்ற பையன்தானுங்க அக்கா" என்றேன். அவர் மாடத்துப் பாட்டில்களைத் திரும்பிப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். "காப்பி ஆறுது, குடிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

புதன்கிழமை சந்தைக்கு வந்த ஆளிடம் அவர் சொல்லியனுப்பினார், சிற்றூரில் எனக்குத் தெரிந்த வக்கீல் யாராவது உண்டா என்று. உண்டு என்று பதில் சொல்லிவிட்டேன். வருகிற திங்கட்கிழமை ரெண்டு பேரும் போகிறோம். உங்கப்பாவிடம் நேற்றுச் சொன்னேன். முதல் தடவையாக அவர் உடு என்று சொல்லவில்லை. "பெத்த பையன் மேலயா?" என்றார். பையன் மேல் இல்லை, பையன் எழுதியதன் மேல் என்றேன். ரெண்டும் வேறு வேறு என்று எனக்கே முழுசாக நம்பிக்கை இல்லாமல்தான் சொன்னேன். அவர் எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டார், இருட்டும்வரை வரவில்லை.

நீ செய்ய வேண்டியது ஒன்றும் பெரிய காரியம் இல்லை. திங்கட்கிழமைக்குள் வேலந்தாவளத்தில் வந்து இறங்கு. அந்த அம்மா வீட்டுப் பாயில் உட்கார். அந்தப் பாட்டிலை மோந்து பார். வைத்தியரைப் பார், ஸ்டேஷனில் போய் மறுநாள் என்ன ஆயிற்று என்று கேள். எல்லாவற்றையும் எழுதி, அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், அந்த அம்மாவின் பெயரோடு போடச் சொல்லு. அவமானத்துக்குப் பெயர் போட்டாய் அல்லவா, அதே பெயரைப் போடு. அதை நீயே எடுத்துக்கொண்டு போய் அந்தச் சம்பந்தியம்மா கையில் கொடு. பத்திரிகையில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்பாய். உள்ளே போனால்தான் மாற்ற முடியும் என்று சொன்னவன் நீ. வேலை போய்விடும் என்பாய். போனால் கடலை பறிக்க ஆள் வேண்டியிருக்கிறது, வா. உனக்குச் சோறு போட இந்த வீட்டில் வழி இருக்கிறது. அந்தப் பச்சை உடம்புக்காரிக்குத் தாய் வேண்டும், அதற்கு வேறு வழி இல்லை.

நீ வராவிட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் அம்மா சொல்லவில்லை என்று நினைக்கக் கூடாது. எனக்கு அந்த வக்கீலின் முறை தெரியும். முதலில் பத்திரிகையின் பெயரை எழுதுவார். அடுத்து ஆசிரியர் பெயர். அதற்கப்புறம் பேனாவை நிறுத்தி, எழுதியது யார் என்று கேட்பார். நீ எழுதிய செய்திக்குக் கீழே உன் பெயர் இல்லை, நிருபர் என்று மட்டும்தான் இருக்கிறது. அந்தப் பத்திரிகை ஆபீசுக்கு வெளியே அதை எழுதியது யார் என்று கையெழுத்துப் போட்டுச் சொல்லத் துணிகிறவள் நான் ஒருத்திதான். போன தடவை அந்தக் கோர்ட்டில் என் மடியில் இருந்த ரெண்டு படி அரிசிக்கே நான் பொய் சொல்லவில்லை. இந்தத் தடவையும் சொல்ல மாட்டேன், சாமி.

அதற்குள் வந்துவிடு.

உன் அம்மா